குளச்சல் வண்டியில் விழுந்த துவர்த்து

பிரேக் கிறீச்சிடும் சத்தமும் டீசல் வாடையும் சேர்ந்து வந்தால் போதும், நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் என் கால் தானாக ஓடப் பார்க்கும். தக்கலை பேருந்து நிலையம் பத்து வயதில் பழக்கிவிட்ட பாழாய்ப்போன குணம் அது.

அப்போது அம்மைக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். மூன்று நாளுக்கொருமுறை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். நின்றுகொண்டு வந்தால் தையல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா சவுதியில், வாடகைக் காருக்கு வழியில்லை. ஆகவே வண்டி உள்ளே திரும்பும்போதே அடையாளம் கண்டு, கூடவே ஓடி, ஜன்னல் வழியே அப்பாவின் "துவர்த்தை" வீசி இடம் பிடிப்பது என் பொறுப்பு. துண்டு விழுந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், அது ஊர் நியாயம்.

எல்லா வண்டியும் ஒரே நிறம். பலகையை வாசித்துவிட்டு ஓடினால் அதற்குள் நாலு துண்டு விழுந்திருக்கும். எங்கள் ஏழரை மணி வண்டியின் முன்கண்ணாடியில் மஞ்சள் பிளாஸ்டிக் மாலை தொங்கும் என்பதைக் கண்டுவைத்த பிறகு நான் பலகையைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் தெரிந்ததும் ஓடினேன், மூன்று தடவையும் இடம் கிடைத்தது. "ஏட்டி, உனக்குப் பருந்துக் கண்ணுல்லா" என்று அம்மை மெச்சினாள்.

நாலாவது தடவையும் மஞ்சள் தெரிந்தது, ஓடினேன், வீசினேன். "ஏ பிள்ளே, இது குளச்சல் வண்டி" என்றார் கண்டக்டர். எங்கள் வண்டி டிரைவரை வேறு தடத்துக்கு மாற்றியிருந்தார்கள், மனிதர் மாலையையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்! துவர்த்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பின்னால் நின்ற நாகர்கோவில் வண்டி நிரம்பிவிட்டது. அடுத்ததுக்குக் காத்திருந்தால் டாக்டர் போய்விடுவார் என்று அம்மை அதிலேயே ஏறிவிட்டாள்.

"எங்க அம்மைக்கு ஆப்ரேசன்" என்று இடம் கேட்க நான் வாயைத் திறந்ததும் அம்மை நறுக்கென்று கிள்ளினாள். "சும்மா கெட மக்கா, ஆம்பிளையளுக்க முன்ன அதச் சொல்லப்பிடாது." நானும் வாயை மூடிக்கொண்டேன். வில்லுக்குறி தாண்டும்போது சேலையில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் தையல் போட்டார்கள். கண் ஏமாந்ததைக்கூட மன்னித்துவிடலாம். வாய் இருந்தும் ஊமை மாதிரி நின்றேனே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது அங்கே துண்டு வீசுபவர்களைக் காணவில்லை. வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயர் விளக்கெழுத்தாக ஓடுகிறது. போன வாரம் அம்மையோடு நாகர்கோவில் போனபோது கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். "நீ இரி மக்கா, எனக்கொண்ணுமில்ல" என்றாள் அம்மை, முட்டுவலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு வந்ததே கோபம்! "முட்டு தேஞ்சுபோச்சு, இவளுக்கு நிக்கப்பிடாது" என்று வண்டிக்கே கேட்கும்படி சொல்லி, தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தேன். நாகர்கோவில் வந்து சேரும்வரை அம்மை என்னோடு பேசவில்லை. ஆனால் உட்கார்ந்தே வந்தாள்.