ரைட்டரு திருத்திய பக்கம்

இறால் நாற்றமும் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்தால் என்ன மணம் வரும் என்று எங்கள் பக்கம் வளராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கோ அதுதான் வியாழக்கிழமை சாயங்காலத்தின் மணம், வாரப்பத்திரிகையின் மணம். காசிமேட்டில் விடிகாலையிலிருந்து ஐஸில் கிடந்த இறாலை உரித்துவிட்டு வந்த என் அம்மாவும் கூட வேலை செய்த நான்கு பெண்களும், காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தோல் உரிந்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு, "படி பாப்பா" என்பார்கள். ஐந்து வீட்டுக்கும் பத்திரிகை ஒன்றுதான், எண்ணெய்க் கை பட்டால் பாழாகிவிடும். அதனால் பிடிப்பதும் புரட்டுவதும் படிப்பதும் ஏழாம் வகுப்புப் படித்த என் உரிமை. அந்தப் பதவியில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நான் படித்த தொடர்கதையை எழுதியவர் போன மாதம் காலமானார். பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும். ஆனால் எங்கள் சந்தில் யாரும் அவரைப் பெயரால் சொன்னதில்லை, "ரைட்டரு" என்றால் அவர்தான். புகைப்படம் எடுக்க விட்டதில்லை, மேடை ஏறியதில்லை, எந்த வாசகருக்கும் ஒரு வரி பதில் போட்டதில்லை என்று பெயர் வாங்கியவர். செய்தி வந்த அன்று தொலைக்காட்சிக்காரர்கள் காட்ட முகம் கிடைக்காமல் புத்தக அட்டைகளையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ராயபுரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தவர்கள் நடுவட்டத்தைக் காலியாக விட்டு, சுற்றிலும் தங்கள் படங்களைப் பதினாறு போட்டிருந்தார்கள். திருவொற்றியூர்க்காரர்கள் விடுவார்களா? மறுநாளே அதைவிடப் பெரிய காலி வட்டத்தோடு ஒன்று வைத்தார்கள். எங்கள் ஆட்களின் இந்த அடாவடிப் பாசத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்தத் தொடர்கதையின் நாயகி சுகுணா, அம்மாவைப் போலவே இறால் உரிப்பவள். அதனாலேயே அவளை ஐந்து பெண்களும் உற்றுக் கவனித்தார்கள். ஒரு வாரம் அவள் வேலை முடிந்து வந்து, சூடான ரசஞ்சோற்றைக் கையால் பிசைந்து ஆசை ஆசையாகச் சாப்பிட்டதாகப் படித்தேன். வாசலே கொல்லென்று சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஐஸ் தண்ணீரும் இறால் முள்ளும் விரல் தோலைத் தின்றுவிடும், ரசம் பட்டால் நெருப்பாய் எரியும். இறால் உரிக்கும் பெண்கள் ஸ்பூனால்தான் சாப்பிடுவார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்த பள்ளித் தோழி அதைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா இன்னா, துரைசாணியா?" என்று கேட்டதிலிருந்து நான் சாப்பாட்டு நேரத்தில் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நான் வெட்கப்பட்டது அம்மாவுக்கும் தெரியும்.

"ரைட்டருக்கு லெட்டர் போடணும், எழுது" என்றாள் அம்மா. இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்து, 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தொடரில் ஒரு பிழை நேர்ந்துள்ளது' என்று பள்ளிக்கூடத் தமிழில் ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன். "இது யாரு, உங்க டீச்சர் பேசுறாங்களா? நான் சொல்றத எழுதுடி" என்றாள். இன்னொரு லெட்டர் வாங்கிவந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: "ரைட்டரே, எறா உரிச்ச கையி ரசத்துல பட்டா உசிரு பூடும். சுகுணாவுக்கு ஒரு ஸ்பூனு குடு." நான் மறைத்து வைத்திருந்த ஸ்பூனும் எங்கள் பேச்சும் சேர்ந்து ஊருக்குத் தெரியப்போகிறதே என்று எனக்கு உயிர் போனது. ஆனாலும் பத்திரிகை முகவரி எழுதித் தபால் பெட்டியில் போட்டேன்.

பதில் இல்லை. சில வாரங்கள் "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கூட வேலை செய்த மேரி அக்கா, "ரைட்டரு உன் லெட்டர்ல பஜ்ஜி எண்ண புழிஞ்சிகினு இருப்பாரு" என்று கேலி செய்தார். அம்மா சிரித்து வைத்தாள். அவள் முகம் சிரிக்கவில்லை.

நான் ஒன்பதாவது போனபோது அந்தக் கதை புத்தகமாகி எங்கள் நூலகத்துக்கு வந்தது. நின்றபடியே அந்த இடத்தைத் தேடிப் புரட்டினேன். சுகுணா ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்கிறாள். "எறா உரிச்ச கையி ரசத்துல பட்டா உசிரு பூடும்" என்கிறாள் சுகுணா. ஓர் எழுத்து மாறவில்லை. வீடு வரைக்கும் ஓடினேன். அம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் ஐந்து பெண்களுக்கும் படித்தேன். மேரி அக்கா அன்று கேலி எதுவும் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதே தோழியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவின் எதிரில் உட்காரவைத்தேன்.

போன வாரம் திருவொற்றியூரில் ரைட்டருக்கு நினைவேந்தல் கூட்டம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிடிவாதமாக வந்தாள். ஒரு பேராசிரியர் பேசினார். சுகுணாவின் ஸ்பூன் மேல்தட்டு வாழ்க்கைக்கு ஏங்கும் மனத்தின் அடையாளம் என்றார். "இன்னா சொல்றாரு?" என்று கேட்ட அம்மாவுக்கு விளக்கினேன். நான் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் எழுந்துவிட்டாள்.

"சார், அது ஆசை இல்ல சார். கையி எரியும். நான்தான் ரைட்டருக்கு எழுதுனேன்."

பேராசிரியர் மரியாதையாகத்தான் புன்னகைத்தார். "அவர் வாசகர் கடிதம் எதையும் பிரித்ததே இல்லை என்பார்களே, அம்மா" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை, அம்மா உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். "நானும் எழுதினேன் சார். விம்கோ நகர்ல இருக்கேன். காலைல கம்பெனி சங்கு ஒரு தபா ஊதுதுன்னு போட்டிருந்தாரு, ரெண்டு தபான்னு எழுதினேன். புக்குல மாத்திட்டாரு." அவர் முடிப்பதற்குள் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் குழி வெட்டுகிறவர் எழுந்து, "பொணத்துக்குத் தல தெக்காலதான் வெக்கணும்னு நானு எழுதினேன்" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் ஒருவர் எழுந்தார். எனக்குத் தெரியாத இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். பேராசிரியர் தன் உரைக் காகிதத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

முதலில் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ரைட்டரு எங்கள் வீட்டுச் சொத்து என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மெட்ரோவில் திரும்பும்போது அம்மாதான் சொன்னாள்: "யார் கூடவும் பேசாத மனுசன்னாங்க. எத்தினி பேரு பேச்சக் கேட்டுகினு இருந்துகீறாரு பாரு." அப்போதுதான் என் பெருமை பெரிதானது. அந்தப் புத்தகத்தை எழுதியதில் எங்கள் ஊருக்கே பங்கிருந்தது.

அந்த வாரப்பத்திரிகை நின்றுவிட்டது. அம்மா வேலை செய்த கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. வாசலில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் எங்கள் சந்தில் யாருக்கும் நினைவில்கூட இல்லை. மேரி அக்காவும் இல்லை, ரைட்டரும் இல்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இரண்டையும் திருத்திவிட்டேன்.