வாய் திறக்காத மஞ்சள் மீன்

என் மகள் சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும்போது, விழுங்கு விழுங்கு என்று அவசரப்படுத்துவேன். இப்போது ஒரு மாதமாக, அவசரப்படுத்திய பிறகு தப்பு செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. காரணம் ஒரு மீன். அதை நான் ஒன்பது வயதில் காப்பாற்றியதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது விருத்தாசலத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் மாமாவும் அத்தையும் குடியிருந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. பீங்கான் கம்பெனியில் சூளைப் பிரிவில் வேலை. அவருடைய மீன்தொட்டி மட்டும் எங்கள் கூடத்தில் இருந்தது. அவர்கள் போர்ஷனில் கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது.

எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். மாமா முதலில் வாங்கிய தங்க மீன்கள் அதில் நாள் கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆப்பிரிக்க ஏரியில் சிக்லிட் என்று ஒரு மீன் உண்டு, அதற்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் பிடிக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு சிக்கல்தான். அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பொந்து வேண்டும். பொந்துக்கு மாமா கவலைப்படவில்லை. சூளையில் விரிசல் விட்டுக் கழிந்த கோப்பைகள், ஊறுகாய் ஜாடிகள், ஃபியூஸ் கட்டைகள் எல்லாம் பையில் வந்து இறங்கின.

எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தார். ஒரே நிறத்தில் இரண்டு வகை கூடாது, தன்னைப் போலிருப்பதைத்தான் அது முதலில் அடிக்கும். சாதுவும் முரடும் சேரக்கூடாது. ரொம்பக் குறைவாகவும் விடக்கூடாது. கூட்டமாக இருந்தால் ஒன்றையே குறிவைத்துத் துரத்த முடியாது.

"உன் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பொருத்தம் பாக்கலியேடா," என்றாள் அம்மா.

"பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன் அண்ணி," என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னாள்.

மஞ்சளில் ஆறு, நீலத்தில் ஐந்து என்று முடிவானது. மூன்றாவது வகையை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, புதுச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். கடையில் கறுப்புப் பட்டை போட்ட ஒரு பொன்னிற மீனைக் காட்டினேன்.

"பாப்பா, அது அடாவடி புடிச்சது. சின்னதுல அழகா இருக்கும். வளந்தா தொட்டியே தன்னுதுதான்னு நிக்கும்," என்றார் கடைக்காரர்.

மாமா நோட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அழவில்லை. ஆனால் அழப்போகிறவள் மாதிரி நிற்க எனக்குத் தெரியும். நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, ஒண்ணே ஒண்ணு குடுங்க," என்றார்.

சில மாதங்களில் கடைக்காரர் சொன்னது நடந்தது. பொன்னிறம் போய் அது கரி பூசியது போலானது. எல்லா மீன்களையும் துரத்தியது. "திருப்பிக் குடுத்துடலாமா பாப்பா?" என்று மாமா இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். ஆசைப்பட்டு எடுத்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும், எந்த மீன் செத்து மிதக்கிறதோ என்றே இருக்கும். வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியில் எண்ணுவேன்.

அப்படி எண்ணும்போதுதான் ஒரு மஞ்சள் மீன் ஜாடிக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்தேன். தீனி போட்டால் வெளியே வரவில்லை. வாயை இறுக மூடியிருந்தது. தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"மாமா, அது சாப்புடவே மாட்டேங்குது."

"அதுக்குப் பசியில்ல, வுடு," என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "அதையே பாத்துக்கிட்டு நிக்காத பாப்பா. யார்கிட்டயும் சொல்லவும் சொல்லாத."

என் பட்டை மீன்தான் அடித்து அதன் வாயைக் கெடுத்துவிட்டது, மாமாவுக்கும் அது தெரியும், என் மனம் நோகக்கூடாது என்று மறைக்கிறார் என்று நானாக முடிவு செய்தேன். மஞ்சள் செத்தால் பட்டை மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். என் மேல்தான் பழியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஏறி, ஜாடியின் வாயை உள்ளங்கையால் மூடி, மீனோடு அப்படியே தூக்கிக் கிண்ணத் தண்ணீரில் கவிழ்த்தேன். முந்தின வருடம் புளியங்கொட்டை என் தொண்டையில் சிக்கியபோது அம்மா என்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். மீனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் மெல்ல ஆட்டினேன். வாய் திறந்தது. மஞ்சள் உருண்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தினமும் நாங்கள் போடும் தீனியின் அளவு, அதே நிறம். விழுங்க முடியாமல் வைத்திருந்திருக்கிறது, பாவம்.

மீனைத் தொட்டியில் விட்டேன். கிண்ணத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். மாலையில் மீன் தீனி எடுத்தது. அன்று நான் டாக்டர்.

போன மாதம் மகளுக்கு ஒரு தொட்டி வாங்கலாமா, வேண்டாமா என்று கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் அதே மஞ்சள் மீன், அதே வீங்கிய தாடையோடு நின்றது. இதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம், வாயில முட்டை வச்சிருக்குது. குஞ்சு வெளிய வர இருபது நாளு ஆவும். அதுவரைக்கும் ஒண்ணும் திங்காது."

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். மாமாவுக்குப் போன் செய்ய இரண்டு முறை எண்ணை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்ன சொல்வது? நான் உண்டாகியிருந்தபோது, மூணு மாசம் முடியட்டும், யாரிடமும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். நானும் கேட்டேன். மாமாவும் அந்த மீன் விஷயத்தில் அதைத்தான் செய்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கல்யாணத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே அவரைப் பிடித்து, வைத்தியம் பார்த்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முதலில் தொட்டியைப் பார்த்தார். மஞ்சள் மீன் மற்றவற்றோடு சேர்ந்து திரிந்துகொண்டிருந்தது.

"எத்தன இருந்துச்சு பாப்பா?"

"பதினஞ்சு இருக்கும் மாமா."

"அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

"கறிவேப்பிலைக்கு."

கல்யாண வேட்டியோடு போய்ச் செடியின் அடியில் குந்தினார். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அத்தை பின்னாலேயே வந்து, "அதான் மீனு சாப்புடுதுல்ல, வுடுங்க. வந்து சட்டைய மாத்துங்க," என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய கவலை எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பக்கத்தில் போய் நானும் குந்திக்கொண்டேன்.

"கவலப்படாத மாமா," என்றேன். "செடிக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆமாம் பாப்பா," என்றார் மாமா.