சோமு லால் மாற்றி வாசித்த வரி

போனில் வகுப்புக் குழுவில் வந்த செய்தியை நானே படித்தேன். காலை ஏழு மணி இருக்கும். பத்துபஸ்தியில் என் வீட்டுக்கு மேலே முதல் விமானம் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. சரஸ்வதி டீச்சர் அனுப்பியிருந்தார்: ‘நம் நண்பர் சோமு லால் இன்று அதிகாலை காலமானார்.’ நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கா, ல, மா, னா, ர். இவ்வளவு நீளமான சொல்லை யாரையும் கேட்காமல் படித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அது போவதற்குள் பொருள் வந்து சேர்ந்தது.

அடுப்பில் பால் இருந்தது. இறக்கி வைத்தேன். சட்டை மாற்றினேன். குடை எடுத்தேன். மழை இல்லை என்று பார்த்து குடையைத் திரும்ப வைத்தேன். அழுகை வரவில்லை. இன்று பதினோராம் நாள், இன்னும் வரவில்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. எழுதுவது மட்டும் எனக்கு நன்றாக இருக்கிறது. அதை மறைக்கத் தெரியவில்லை. நம் முதியோர் தமிழ் வகுப்பின் கையெழுத்து இதழில் இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். பொறுத்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு அவரை வகுப்பு வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறவராகத் தெரியும். அவர் வேலை என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் மேன்லேண்டிலிருந்து நம் தீவுக்கு விளம்பரமும் பாட்டு வீடியோவும் எடுக்க வருகிறவர்களுக்குப் படகு, சாப்பாடு, ஆள் என்று எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பார். அவருடைய பூட்டன் வெள்ளைக்காரன் இந்தத் தீவு ஜெயிலுக்குக் கொண்டுவந்த மதுரைப் பக்கத்துக் கைதி. பூட்டி பீகார் பக்கத்துக் கைதி. அதனால்தான் பெயரில் சோமுவும் உண்டு, லாலும் உண்டு. மரைன் ஹில்லில் அவர் வீட்டில் பேசுவது இந்தி. அவர் அப்பாதான் பிடிவாதமாகத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். பெயரில் முன்பாதியையாவது சரியாக எழுதத் தெரிய வேண்டும் என்றாராம்.

நான் கப்பல் ஜெட்டியில் சரக்கு இறக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவன். ஓய்ந்த பிறகும் காலையில் அங்கே போய் நிற்பேன். அப்படி நின்றபோதுதான் அவர் ஒரு சென்னைக்காரரோடு வந்தார். என் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“காளி அண்ணே, உங்க மூஞ்சி ஒரு நாளைக்கு வேணும்.”

“கழட்டியா தர முடியும்?”

“நீங்களும் கூட வாங்க. சும்மா நிக்கணும், பஸ்.”

சென்னைக்காரர், “எந்த பஸ்?” என்று ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் என்பதை நாங்கள் இந்தியில் அப்படிச் சொல்வோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஆறேழு விளம்பரங்களில் நின்றிருக்கிறேன். ஒன்றில் படகு தள்ளினேன். ஒன்றில் இளநீர் வெட்டினேன். பற்பசை விளம்பரத்தில் பல் விளக்காதவனாக வந்தேன். எதிலும் எனக்குச் சட்டை கிடையாது. வீட்டிலிருந்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போவேன். அங்கே கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சோமு லால் அந்தப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “வெள்ளையா இருக்கிறவன் போன் பேசுவான். கறுப்பா இருக்கிறவன் அதைப் பாத்து சிரிப்பான். எல்லா விளம்பரமும் இதுதான் அண்ணே” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன்.

ஒரு பாட்டு வீடியோவுக்கு ஐம்பது லோக்கல் ஆட்கள் வேண்டும் என்று சென்னையிலிருந்து போன் வந்தது. நம் ஊரில் லோக்கல் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். கைதிகள் காலத்திலிருந்து இங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்கள். சோமு லாலே லோக்கல். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் உறவுக்காரர்களையே ஐம்பது பேர் திரட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நர்ஸ், கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், கூலிங் கிளாஸ் போட்ட அவர் மாப்பிள்ளை. எல்லோரும் பட்டும் கோட்டுமாகக் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

டைரக்டர் தலையில் கை வைத்தார். “யோவ், ரிசப்ஷனுக்கா கூட்டிட்டு வந்திருக்க? நான் லோக்கல்தானய்யா கேட்டேன்?”

“இவங்கதான் சார் லோக்கல். சர்டிபிகேட் இருக்கு. காட்டவா?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பத்திருபது பேர் கைப்பையைத் திறந்துவிட்டார்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் கேட்பார்கள் என்று நகலைக் கையோடு வைத்திருப்பது அவர்கள் வழக்கம்.

“சர்டிபிகேட் எல்லாம் வேணாம். ஆதிவாசி மாதிரி வேணும்.”

தலைமையாசிரியை முன்னால் வந்தார். “தம்பி, அவங்களப் படம் எடுக்கிறது குத்தம். ஜெயில்ல போட்டுடுவாங்க. அந்த ஜெயில்ல இருந்துதான் நாங்க வந்தோம், இடம் நல்லா இருக்காது.”

“அதனாலதாம்மா ‘மாதிரி’ன்னு சொல்றேன்.”

ஐம்பது பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜெட்டியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். கறுப்பு மை, சிப்பி மாலை, இலை. மை பூசிய பையன் என்னைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குப் பாதி டப்பா போதும் தாத்தா” என்றான். கதாநாயகன் பாடினான். நாங்கள் அவனைச் சுற்றிக் குதித்தோம். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் காது மடலில் மூன்று நாள் மை இருந்தது. 

இன்னொரு தடவை வேறொரு கம்பெனி ஸ்கூட்டர் விளம்பரம் எடுக்க வந்தது. அவர் அவர்களை நேராக அபர்தீன் பஜாருக்குக் கூட்டிப்போனார். மாலை ஐந்து மணி. பஸ்ஸும் ஆட்டோவும் சிக்கி நகராமல் நின்றன. தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “பாருங்க சார், நம்ம சிட்டி” என்று கையை விரித்துக் காட்டினார். வந்தவர், “இது எங்க ஊர் மாதிரியே இருக்கே. இதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?” என்று கேட்டார். கடைசியில் ஒரு மணல் திட்டைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். பின்னால் செல்போன் டவர் தெரிகிறது என்று கேமராவைத் திருப்பினார்கள். அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மறுபடி திருப்பினார்கள். திரும்பி வரும்போது சோமு லால் என்னிடம் சொன்னார்: “கேமரா எங்க திரும்பலையோ, அங்கதான் அண்ணே நம்ம வீடு.”

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு போன் கம்பெனி விளம்பரத்தில் நின்றேன். அதே சிப்பி மாலைதான். கையில் ஒரு கம்பு, இன்னொரு கையில் போன். அதை நான் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒட்டுவதற்காக அச்சடித்த படம் அது. சோமு லால் ஒரு பிரதி வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். என் முகம் அவ்வளவு பெரிதாக இருந்து நான் பார்த்ததில்லை. மேலே தமிழில் ஒரு வரி இருந்தது.

“என்ன போட்டிருக்கான் சோமு?”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு வாசித்தார்: “இவருக்குப் புரியும். இவரைக் கேளுங்கள்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம் அந்த வரியைச் சொன்னேன். பக்கத்து வீடு வங்காளி, எதிர் வீடு தெலுங்கு. என் மகன் இந்தி மீடியத்தில் படித்தவன், தமிழ் பேசுவான், படிக்க வராது. யாருக்கும் படிக்கத் தெரியாததால் நான் சொன்னதுதான் அதில் எழுதியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து என் தங்கை மகன் போன் பண்ணினான். “மாமா, பஸ் ஸ்டாண்டுல உங்க படத்தப் பாத்தோம்” என்று சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் சோமு லால் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, தமிழ் படிங்க” என்பார். “இந்த வயசுல எதுக்கு? கலெக்டர் ஆகவா?” என்பேன். “நீங்க படிங்க அண்ணே, ப்ளீஸ்” என்பார். மூன்று வருடம் இதையே சொன்னார். குட்வில் எஸ்டேட்டில் நம் வகுப்பு தொடங்கியதும் அவரே பெயர் கொடுத்துவிட்டார். வாரம் மூன்று நாள் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். நான் ‘அ’ போட்ட நோட்டை முதலில் அவரிடம்தான் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். “வயிறு சரியா வந்திருக்கு” என்றார். எழுத்துக்கு வயிறு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த இரண்டு வருடம் போல நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை. தமிழில் இருந்தால் போதும், கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, உப்புப் பாக்கெட், எதையும் விடமாட்டேன்.

போன மாதம் டீச்சர் ஏகாரம் நடத்தினார். நினைவிருக்கும். எனக்குத் தெரியும் என்பது வேறு, எனக்கே தெரியும் என்பது வேறு, கடைசியில் ஒட்டுகிற ஒரே ஒரு எழுத்து ஆளை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும் என்றார். மறுநாள் காலை முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். படத்தை நான் ஏன் அதுவரை படிக்கவில்லை என்றால், அதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அன்று சும்மா எழுத்துக் கூட்டினேன்.

‘இவருக்கே புரிகிறது. உங்களுக்கு?’

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் வைத்துப் பார்த்தேன். கே என்றுதான் இருந்தது.

மரைன் ஹில் ஏறிப் போனேன். அவர் வாசல் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சோமு, இவருக்கேன்னு போட்டிருக்கு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “படிச்சிட்டீங்களா?”

“படிச்சிட்டேன்.”

“பாஞ்ச் சால் அண்ணே. அஞ்சு வருஷம். உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் அந்தச் சுவத்துக்கு முதுகு காட்டித்தான் உக்காருவேன்.”

“வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வரல. நீங்க அதை சாமி படம் மாதிரி மாட்டி வெச்சிருந்தீங்க. அதான் உங்களையே படிக்க வெச்சா தெரிஞ்சிரும்னு…”

“அப்ப என்னை வகுப்புல சேத்தது இதுக்குத்தானா?”

“பஹ்லே, முதல்ல இதுக்குத்தான். அப்புறம் நீங்க நோட்டத் தூக்கிட்டு ஓடி வந்து காட்டினீங்க பாருங்க, அன்னைலேர்ந்து பயமாப் போச்சு. இந்த ஆளு எந்த நாள் அதைப் படிப்பாரோன்னு.” பிறகு, “சாய் குடிங்க அண்ணே” என்றார்.

நான் குடிக்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. ஒன்பது வகுப்பு நடந்தது. ஒன்பது தடவையும் அவர் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் பின்பக்கமாக நடந்து போய் ஷேர் ஆட்டோ பிடித்தேன். கடைசித் தடவை அவர் கேட்டுக்கு வெளியே நின்று, “கோபம் இருக்கட்டும் அண்ணே. கிளாஸ மட்டும் விட்டுடாதீங்க” என்று சத்தமாகச் சொன்னார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அன்றும் பின்பக்கமாகத்தான் போனேன். அதிலிருந்து இரண்டாம் நாள் டீச்சரின் செய்தி வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

அவர் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் பிங்கி ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தெருமுனையில் கட்டுவதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

“பெரியப்பா, போட்டோவுக்குக் கீழ தமிழ்ல ஒரு லைன் வேணும். எங்களுக்கு யாருக்கும் எழுத வராது. நீங்க எழுதுவீங்கன்னு பாபா எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பாரு.”

எழுத அரை மணி நேரம் ஆனது. தலையைக் குனிந்திருந்ததால் அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் வல்லின றவா இடையின ரவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதியது இதுதான்: ‘சோமு லால் என்னைப் படிக்க வைத்தார். கடைசி மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை.’

பிங்கி நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அது கோடும் சுழியும்தான். “என்ன எழுதியிருக்கீங்க பெரியப்பா?”

வாயில் வேறொரு வரி தயாராக வந்து நின்றது. ‘எல்லோரிடமும் அன்பானவர், என்றும் எங்கள் நினைவில்.’ சொன்னால் அவள் நம்புவாள். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுவாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

எழுதியிருந்ததை எழுதியபடி வாசித்தேன். இரண்டாவது வரியை மறுபடியும் வாசித்தேன்.

அவள் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். “ரெண்டாவது லைனும் போடணுமா?”

“உன் இஷ்டம்மா.”

“ரெஹ்னே தோ. இருக்கட்டும்” என்று நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

அது இப்போது மரைன் ஹில் திருப்பத்தில் கட்டியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வழியில் குறைவு. தெரிந்தவர்கள் நின்று படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்கிறார்களாம்.

அவர் எனக்குக் கொடுத்தது இந்த எழுத்து என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் நான் வைத்துக்கொள்வது இன்னொன்று. என்னிடம் ஒரு வரியை மாற்றி வாசித்தபோது அவர் வாயில் அது எப்படி வந்து நின்றது என்று பிங்கி முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் எழுதுகிறேன்.