பாடியைக் காட்டலையே!

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பார் தீய்ந்துபோனது. குற்றவாளி நான் இல்லை, புரோமோ.

ஏழு மணிப் பேய் சீரியலுக்கு நான் அடிமை என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, கதை இதுதான். முகில் கார் விபத்தில் செத்துப்போனான். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாண் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறான்! மனைவி சுதா கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அவனுக்குத் தட்டு வைக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். மருமகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று மாமியார் ஒரு மந்திரவாதியைக் கூட்டி வருகிறார்.

அன்றைய புரோமோவில் மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறார். முகில் மங்குகிறான். "போகாதீங்க!" என்று சுதா அலறுகிறாள். இடி... மின்னல்... 'முகில் போய்விடுவானா?' அவ்வளவுதான், முடிந்தது புரோமோ. இந்த நிலையில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது ஞாபகம் வருமா, நீங்களே சொல்லுங்கள்!

எங்கள் சாரம் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழு அன்றைக்குத் தூங்கியதாகத் தெரியவில்லை. மந்திரவாதி வில்லனின் ஆள் என்றது ஒரு கட்சி. முகிலுக்கு இரட்டைப் பிறவி ஒருவன் மலேசியாவில் இருக்கிறான் என்றது இன்னொரு கட்சி. நான் என் தீர்ப்பைச் சொன்னேன் — முகில் சாகவே இல்லை! எங்கேயோ கோமாவில் கிடக்கிறான், உயிர் மட்டும் வந்து வந்து போகிறது. ஆதாரம்? விபத்தைக் காட்டினார்கள், ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள், பாடியைக் காட்டவில்லை. பாடியைக் காட்டாத வரைக்கும் ஆள் சாகவில்லை. சீரியல் உலகத்தின் எழுதாத சட்டம் இது.

"இந்த மூளைய வேற எதுலயாவது செலவு பண்ணியிருந்தா இந்நேரம் டாக்டர் பட்டம் வாங்கியிருப்ப" என்றார் என் கணவர், தீய்ந்த சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டு.

மறுநாள் காலை வசந்தி வந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். அவளும் ஏழு மணிக் கட்சி. மீன் நறுக்குகிற நேரத்தைவிட சீரியல் பேசுகிற நேரம்தான் எங்களுக்குள் அதிகம். அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து என் சட்டத்தைப் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"முகில் போகமாட்டான் வசந்தி, எழுதி வச்சிக்கோ. பாடியக் காட்டலையே! காட்டாம எப்படிச் செத்தான்னு சொல்றது?"

"ஆமாக்கா" என்றாள், தலை நிமிராமல். "நானும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். பாடியே வர்ல, எப்புடி செத்துட்டாருன்னு சொல்றீங்கன்னு. எவன் கேக்குறான்?"

ஒரு நொடி, முகிலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு.

அவள் புருஷன் செல்வம் ஒரு ஐப்பசியில் கடலுக்குப் போனார். படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அவர் வரவில்லை. எந்தக் கரையிலும் உடல் ஒதுங்கவில்லை. அது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தெரிந்தும் என் வாய் அப்படிப் பேசியிருக்கிறது!

வசந்தி இன்னும் பொட்டு வைக்கிறாள், பூ வைக்கிறாள், தாலியும் கழுத்தில்தான். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டதாம். வருகிற அமாவாசைக்கு வைக்கோலில் ஓர் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"சீரியல்ல முகிலு போறானா இல்லியான்னு அந்த சீனு வரட்டும், அப்பறம் பேசலாம்னேன். அவ்ளோதான், ஊடே ரெண்டாப் பூடுச்சி. புருசன் காரியத்துக்கு டிவியில நாள் பாக்குறா பாருன்னு எல்லாரும் காறித் துப்பாத கொறதான்."

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. மீன் விலையை நாலு பேரிடம் கேட்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் வைத்தியம் சொல்வார்கள். போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத ஒருத்தி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பாள்? அதே தவிப்பில் இருக்கிற இன்னொருத்தி, அவளுக்குத் தெரிந்த வரையில், சுதா மட்டும்தான். ஏழு மணிக்கு வருவாள். நாங்கள் எல்லாம் கதைக்காகக் காத்திருந்தோம், இவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மனசு கேட்கவில்லை. சென்னையில் அதே சீரியலில் உதவி இயக்குநராக இருக்கும் என் தங்கை மகன் தினேஷுக்கு போன் போட்டேன். மற்ற நாளில் கெஞ்சினாலும் கதையைச் சொல்லமாட்டான். அன்றைக்கு என் குரலைக் கேட்டுச் சொல்லிவிட்டான்.

"முகில் போயிடுவாரு பெரியம்மா. அவருக்கு சினிமா சான்ஸ் வந்துடுச்சி. ஃப்ளாஷ்பேக்ல பாடியும் காட்டிடுவோம். அப்புறம் 'சில வருடங்களுக்குப் பிறகு'ன்னு கார்டு. சுதா பெரிய ஓட்டல் முதலாளி."

சொல்வதா வேண்டாமா என்று இரவெல்லாம் குழம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, முகில் என்ன ஆவான் என்று அவளே கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன்.

"பாடியக் காட்றாங்களா?" என்றாள். கத்தியைக் கழுவிக் கூடையில் வைத்தாள். "குடுத்து வச்சவ."

நான் மீன் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"அப்பறம் அவ இன்னா பண்றாக்கா?"

சில வருடங்களுக்குப் பிறகு ஓட்டல் முதலாளி ஆகிறாள் என்றேன். வசந்தி பட்டென்று சிரித்துவிட்டாள்.

"கார்டு போட்டுட்டாப் போதுமா? அந்த நடுவுல கீற வருசத்த எல்லாம் யாரு இருந்து கழிக்கிறது?"

கதை எழுதுகிறவர்கள் தாண்டிப்போகிற இடம் அதுதான். பார்க்கிற நாங்களும் 'அப்பாடா, கதை நகர்ந்தது' என்று கூடவே தாண்டிக் குதிக்கிறோம். வசந்தியால் அப்படிக் குதிக்க முடியாது. அவள் திங்கட்கிழமையும் மீன் விற்க வேண்டும், செவ்வாய்க்கிழமையும் விற்க வேண்டும்.

நேற்று வந்தாள். அமாவாசை போய்விட்டது. கழுத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துவிட்டேன். தாலி இருந்தது.

"மாமியா கிட்ட சொல்லிட்டேன்க்கா. இந்த அமாவாசைக்கு வேணாம், எனக்கு மனசு வர்ற அன்னிக்கி நானே சொல்றேன்னு."

"திட்டுனாங்களா?"

"திட்டும்னுதான் நெனச்சேன். முந்தானைய வாயில வச்சிக்கினு ஓன்னு அழுவுது. 'அவன் என் புள்ளடி, எனக்கு மட்டும் அவசரமா? ஊரு கேக்குதேன்னுதான் சொன்னேன்... நீ வேணாம்னு சொல்லமாட்டியான்னுதான் இருந்தேன்'னு சொல்லிச்சிக்கா."

எத்தனையோ வருஷமாக சீரியல் பார்க்கிறேன். எந்த மாமியாருக்கும் இப்படி ஒரு வசனத்தை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.