பூவம்மா செய்த பேசும் டப்பா

காசிமேட்டில் பூவம்மாவிடம் ஒருமுறை மீன் வாங்கியவர்கள் அவளுடைய வாயை மறக்க மாட்டார்கள். ஏலம் விடுகிறவர், போலீஸ்காரர், பேரம் பேசும் டாக்டரம்மா என்று யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். அவளிடம் அதிகம் மாட்டிக்கொண்டது புருஷன் செல்வம்தான். விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும் திரும்ப. அந்த நாட்களில் அவருடைய கரகரத்த குரலில் இவள் பேசப் பேச, பக்கத்துக் கடைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் முதலில் பார்த்த பூவம்மா சிரிக்கவே இல்லை.

நான் வேதமாணிக்கம். ராயபுரத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. கோபக்காரன் என்று பெயர், பெயரில் தப்பில்லை. திருவொற்றியூரில் ஒரு தையல் பயிற்சிக்கூடத்தின் மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு ஒரு கூட்டம் நடக்கும். தொடுதிரையை நாமே கையால் செய்து பழகும் கூட்டம். சின்னத் திரைகள், விரல் நீள போர்டு, ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் மேஜையில் கிடக்கும். எதைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அடுக்கினால் புரோகிராம் தயார். யாரும் வரலாம். நடத்துகிறவள் சாபிரா, அம்பத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிற பெண். எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று காட்டும் திரை ஒன்றைக் கடைக்குச் செய்யலாம் என்று நானும் போனேன். ஆறு மாதமாகியும் அது ஊறுகாய் ஜாடிக்கு வாளி மூடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, வியாபாரம் முடித்த கையோடு பூவம்மா படியேறி வந்தாள். மீன் வாடை அவளுக்கு முன்னால் வந்தது. நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இங்க தொட்டா பேசற பொட்டி செய்யறாங்களாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

"செய்யலாம்க்கா. யாருக்கு?" என்றாள் சாபிரா.

"எங்க வூட்டுக்காரருக்கு. வாதம் அடிச்சு எட்டு மாசம் ஆவுது. வலது கையி வரல, வாயிலேர்ந்து வார்த்த வரல. நாம பேசறது அல்லாம் புரியுது. மொதல்ல கத்திப் பாத்தாரு, அழுது பாத்தாரு. இப்ப செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினு கீறாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னாண்ட ஒரு வார்த்த பேசிட்டாருன்னா போதும் பாப்பா. திட்டினாலும் சரி."

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

பூவம்மா படித்தது ஐந்தாவது வரை. ஆனால் முப்பது வருடம் மீன் அறுத்த கை. சாபிரா ஒரே ஒருமுறை காட்டியதும் ஈயத்தை உருக்கி ஒயரைப் பிசிறில்லாமல் ஒட்டினாள். என்ன பேச வைப்பது என்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி என்று நான்கு கட்டம், நான்கு படம். தொட்டால் கம்ப்யூட்டரின் பெண்குரல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லும். கடையிலிருந்து நல்ல டிபன் டப்பா ஒன்று கொண்டுவந்து மூடியை அறுத்துத் திரையைப் பொருத்தினேன். வீட்டில் இரண்டு நாள் அதைப் பற்றியே பீற்றிக்கொண்டேன்.

மூன்று பேருமாக அவள் வீட்டுக்குப் போனோம். காசிமேட்டுக் குடியிருப்பில் இரண்டாவது மாடி, ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. செல்வம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பூவம்மா அவரைத் திருப்பி, இடது கை விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். டப்பா பேசவில்லை. மறுபடி வைத்தாள். அப்போதும் பேசவில்லை.

சாபிரா அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். கயிறு இழுத்து இழுத்து நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. "இவ்வளவு தடிச்ச தோலை இந்தக் கண்ணாடி விரல்னே எடுத்துக்காது அண்ணாச்சி" என்றாள். எனக்கு வந்ததே கோபம். உழைத்த விரலைத் தெரியாத கண்ணாடி என்ன கண்ணாடி என்று அங்கேயே கத்தினேன்.

இரண்டு வாரத்தில் சாபிரா, அழுத்தினால் வேலை செய்கிற பழைய வகைத் திரையைத் தேடிப் பிடித்து மாட்டினாள். மறுபடி போனோம். விரல் அழுந்தியதும் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது டப்பா. செல்வம் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் டப்பாவை மெதுவாகத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நன்றி கெட்ட மனுசன்" என்று படியிறங்கும்போது முணுமுணுத்தேன். பின்னால் வந்த பூவம்மா காதில் அது விழுந்துவிட்டது. படியிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, எட்டு பேர வெச்சு லாஞ்சு ஓட்டின மன்ஷன் அவரு. என்னாண்ட ஒரு நாளு தண்ணி வேணும்னு கேட்டதில்ல. கண்ணப் பாத்தே நான் குடுத்துருவேன், இப்பவும் குடுத்துகினுதான் கீறேன். நீ அதுல போட்டு வெச்சுகீறது அல்லாம் கையேந்தற பேச்சு. யாரு தொடுவாங்க அத?"

 

"அப்ப அவர் என்னக்கா பேசுவார்?" என்று சாபிரா கேட்டாள்.

பூவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தொண்டையைக் கனைத்தாள். அந்தப் படிக்கட்டில் ஓர் ஆம்பளைக் குரல் எழுந்தது. "இன்னாமே, மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற?"

கீழ்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. உள்ளேயிருந்த பெண் ஓடிவந்து மேலே பார்த்தாள். "அண்ணன் பேசிட்டாரா பூவு?"

"இல்லக்கா. நாந்தான்" என்றாள் பூவம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அடுத்த கூட்டத்தில் என் நான்கு கட்டங்களையும் நானே அழித்தேன். பூவம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, பதிவு செய்யப் போனை வாய்க்கருகே பிடித்து, செல்வமாகப் பேசினாள். "இன்னாமே, மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற?" "கொயம்புல உப்பு எங்க போச்சு?" "வாய மூடுமே." மற்ற மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் அவளே விரலால் படம் வரைந்தாள். அந்த வேகத்தில் ஒன்று வந்துவிட்டது. "கூண்டு தெரியுதுமே, ஒலைய வை."

பேசியவுடன் போனைக் கீழே வைத்துவிட்டாள். கரைக்குத் திரும்பும்போது எண்ணூர் அனல்மின் நிலையத்தின் மூன்று புகைக்கூண்டுகள்தான் முதலில் கண்ணில் படுமாம். அங்கே போனுக்கு சிக்னல் கிடைத்ததும், செல்வம் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாராம். அவர் வீடு வந்து சேரும்போது சோறு சூடாக இருக்கும்.

"இத எடுத்துடு பாப்பா. இனிமே அவரு எங்க கடலுக்குப் போவப்போறாரு? கேட்டா மனசு வுட்டுருவாரு" என்றாள் பூவம்மா.

சாபிரா அழிக்கப் போனாள். நான் அவள் கையைத் தடுத்தேன். "அந்த மனுசனுக்கு எது வேணும்னு நான் முடிவு பண்ணி அசிங்கப்பட்டது போதாதா? இப்ப நீ முடிவு பண்ணப் போறியா?" என்று பூவம்மாவிடம் சத்தம் போட்டேன். அவளும் சத்தம் போட்டாள். கடைசியில், "சரி, ஒரு ஓரமா கீட்டும்" என்றாள். எண்ணூர்க் குப்பத்தில், அந்தக் கூண்டுகளைப் பார்த்தபடியே வளர்ந்தவள். மூன்றே கோட்டில் மூன்று கூண்டையும் வரைந்து, மேலே புகை விட்டாள்.

அன்றைக்கே போனோம். செல்வத்தின் மடியில் டப்பாவை வைத்துவிட்டு பூவம்மா விலகி உட்கார்ந்தாள். விரலைப் பிடித்து வைக்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தடித்த விரல் உப்பு டப்பா படத்தை அழுத்தியது.

"கொயம்புல உப்பு எங்க போச்சு?"

செல்வம் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அது பூவம்மா தன்னைக் கிண்டல் செய்கிற குரல் என்று புரிந்துவிட்டது. "ஆங்" என்று ஒரு சத்தம் வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் விரல் ஓரத்துக்குப் போனது. மூன்று கூண்டுகளின் மேல் நின்றது. பூவம்மா கை நீட்டினாள், தடுக்கத்தான். அதற்குள் அவர் அழுத்திவிட்டார்.

"கூண்டு தெரியுதுமே, ஒலைய வை."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி நாலரை. அவர்கள் சாப்பிட்ட பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பூவம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தாள்.

"ஒம்போது மாசமாய்யா ஆச்சு உனக்கு, கரைக்கு வர?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வாய மூடுமே" என்றது டப்பா.

பூவம்மா சிரிப்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன்.