ஆள் ஆறு, சேப்டி பெல்ட் ஒன்று

இன்று காலை பாடாங் மேஹாவில் நான் போட்டோகிராபர் ஆனேன்!

என் தம்பி குமார் கூரை காண்ட்ராக்டர். அங்கே ஒரு தொழிற்சாலைக் கிடங்கின் பழைய கூரைத் தகடுகளை மாற்றுகிறான். அவன் ஆட்களுக்குக் காலைச் சாப்பாடாக நாசி லெமாக் பொட்டலம் கொண்டுபோனேன். (ஓய்வு பெற்ற டீச்சருக்கு வேறென்ன வேலை!)

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. இவனுங்கள ஒவ்வொருத்தனா படம் புடிச்சு ஆபீசருக்கு அனுப்பிருங்க லா," என்று தன் போனை நீட்டினான்.

மேலே ஏறுகிறவர் சேப்டி பெல்ட் மாட்டி, அதன் கயிற்றை இரும்பு உத்திரத்தில் கொக்கியால் பிணைத்திருக்க வேண்டும். அந்தப் படம் சேப்டி ஆபீசருக்குப் போனால்தான் வேலை தொடங்கலாம்.

ஆள் ஆறு. பெல்ட் ஒன்று!

படம் எடுத்ததும் ஒருவர் கழற்றிக் கீழே போடுவார். அடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

"ஏன்டா, இது மழைக்கோட்டு போட்டு படம் எடுத்துட்டு, அத மடிச்சு வச்சிட்டு மழையில நனையற மாதிரி இல்ல?"

"அதெல்லாம் பழக்கந்தான்க்கா."

முதலில் செல்வம். தென்னை மர உயரத்தில் நின்றார். நான் கிடங்குக்குள் நின்று, தகடு கழற்றிய இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

முதல் படத்தில் என் கட்டைவிரல் மட்டும்! இரண்டாவதில் செல்வத்துக்குத் தலை இல்லை.

"டீச்சர், காலு கடுக்குது! கழட்டவா?"

"இருப்பா, ஒரே ஒரு தடவ! கொஞ்சம் பின்னால போ. சிரி!"

சிரித்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். தகடு படாரென்று உடைந்தது.

அடுத்த நொடி என் தலைக்கு மேலே, அந்தரத்தில், பெல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தார்!

நான் அலறினேன். போனில் என் விரல் எதையெல்லாம் அழுத்தியதோ தெரியாது.

ஏணி வைத்து இறக்கினார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

செல்வம் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், மொத படம் நல்லா வந்திருந்தா, நான் பெல்ட்ட கழட்டி கீழ போட்டிருப்பேன்."



தம்பி முகம் வெளுத்துவிட்டது. "எவனும் மேல ஏறக்கூடாதுடா! இன்னும் அஞ்சு பெல்ட் வந்த பெறகுதான் வேல!"

என்னிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தான். செல்வம் அந்தரத்தில் ஆடும் படம் ஆபீசருக்குப் போயிருந்தது.

பதிலும் வந்திருந்தது:

"பெல்ட் ஓகே. நெக்ஸ்ட்!"