ஆழத்து வயலுக்கு நியாலிங் எட்டிய கதை

சீபோவும் நியாலிங்கும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். சீபோ பதினொன்றில் பெரியவளானாள். நியாலிங் பதினேழு வரை ஆகவில்லை. காம்பியா ஆற்றோரத்து எங்கள் ஊரில் இதைப் பேசாத வாய் இல்லை. என் வாயும் அதில் ஒன்று, ஒளிப்பானேன்.

இங்கே நெல் பெண்கள் பாடு. வயல் தாயிடமிருந்து மகளுக்கு வரும். நியாலிங்கின் அம்மாவுடையது ஆற்றை ஒட்டிய ஆழத்து வயல். விளைச்சலுக்குக் குறைவில்லை, ஆனால் நடவு நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். அம்மாவுக்கு முழங்கால் முடங்கியதும், அதில் இனி யார் நடுவது என்று முடிவு செய்ய பெண்கள் சங்கம் கூடியது. நடுவயலில் நின்றால் அக்குள் நனையக் கூடாது, அதுதான் சட்டம். பதினாலு வயது நியாலிங் இறங்கினாள். தாடை வரை தண்ணீர்.

"ஏண்டி, நாத்து நடப் போறியா, மீனுக்கு இரையாப் போறியா?" என்று நான்தான் கேட்டேன். கரையே சிரித்தது.

அடுத்து சங்கம் இறங்கச் சொன்ன சீபோவுக்கு அக்குள் நனையவில்லை. பன்னிரண்டிலேயே தாயின் உயரத்துக்கு வந்தவள் ஆயிற்றே.

"நாலு மழைக்கு சீபோ நடட்டும். அதுக்குள்ள நியாலிங் வளந்தா வயல் அவளுக்கு. இல்லேன்னா சீபோவுக்கே" என்று சங்கத் தலைவி ஃபாந்தா அக்கா முடித்துவிட்டாள். நியாலிங் அழவில்லை. வீட்டுக்குப் போய் கடலைக் குழம்புச் சோற்றை ஒரு பிடி பிடித்தாள்.

பதினாறு முடிந்தும் ஆகவில்லையே என்று அம்மா நொண்டிக்கொண்டே அவளை நர்ஸிடம் கூட்டிப்போனாள். நர்ஸ் சோதித்துவிட்டுச் சிரித்தாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் வயசுக்கு வந்தா எலும்பு சீக்கிரமே வளந்து நின்னுடும். லேட்டா வந்தா அது வளர இன்னும் நாள் கிடைக்கும். எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன், பொதுவா கொஞ்சம் உசரமா முடிவாங்க."

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒரு பண்டிகைக்குத் தைத்த சட்டையின் கை அடுத்த பண்டிகைக்குள் முழங்கைக்கு ஏறிவிட்டது.

நாலாம் மழையில் ஊரே கரையில் நின்றது. நியாலிங் நடுவயலில் போய் நின்றாள். தண்ணீர் விலாவைத் தாண்டவில்லை. அன்று கேலி செய்த நான்தான் முதலில் குலவையிட்டேன். கண்ணில் நீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது.

எல்லாரும் சீபோவைப் பார்த்தோம். அவள் குலுங்கிச் சிரித்தாள். "எடுத்துக்கடி தாயே! நாலு வருஷமா நுனிக்கால்ல நின்னு நட்டிருக்கேன். அன்னைக்கு அக்குள் நனையாம நின்னதே அப்படித்தான்!"

ஃபாந்தா அக்காவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அடிப்பாவி, அதுக்கப்புறமாவது வளந்திருக்கலாமே?"

"எங்க வளந்தேன்? அன்னைக்கு நின்ன உசரந்தான் இன்னைக்கும்!"

தண்ணீருக்குள் நின்றபடியே நியாலிங் சொன்னாள்: "நாளையிலேர்ந்து கரையில நின்னு நாத்து வீசுடி, விளைச்சல்ல உனக்கும் பங்கு உண்டு. இனியாவது குதிகாலை ஊனி நில்லு."